வாசகர் கேள்வி – பதில்: குறிப்பேடு தொலைந்துபோன பழைய கணினிகள்

பழைய கணினிகளைப் பழுதுநீக்குவது பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தது. இயந்திரம் கையில் இருக்கிறது. அதன் சுற்றுப்படமோ கையேடோ எங்கும் கிடைக்கவில்லை. அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 30 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 8085 நுண்செயலிப் பயிற்சிப் பலகை ஒன்று உள்ளது. மின்சாரம் கொடுத்தால் எண்காட்டியில் எதுவும் தெரிவதில்லை. தயாரித்த நிறுவனம் இப்போது இல்லை; கையேடும் இல்லை. பலகையில் 8279, 8255, 2764 ஈப்ராம், 6116 ராம், 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆகியவை இருப்பது தெரிகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– விரிவுரையாளர், பாலிடெக்னிக் கல்லூரி, திருச்சி

பதில்: கையேடு இல்லை என்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியனுப்பிய சிப் எண்களின் பட்டியலே கையேட்டின் பாதி. 8279 விசைப்பலகையையும் எண்காட்டியையும் கவனிக்கும் சிப், 8255 வெளிக்கருவிகளை இணைக்கும் சிப், ஈப்ராம் மின்சாரமின்றியும் நிரலைக் காக்கும் நினைவகம், ராம் தற்காலிக நினைவகம். இவை அனைத்தும் பொதுச்சந்தையில் விற்ற சிப்புகள். ஒவ்வொன்றுக்கும் உரிய தரவுத்தாள், அதாவது சிப்பின் கால்களையும் இயல்பையும் விளக்கும் தயாரிப்பாளரின் ஏடு, இன்றும் எளிதில் கிடைக்கிறது. பலகையைத் தயாரித்தவர் அந்தத் தரவுத்தாள்களை வைத்துத்தான் சுற்றை வடிவமைத்திருப்பார். அவர் வந்த வழியில் நீங்களும் நடக்கலாம்.

முதலில் எதையும் கழற்றாமல், பலகையின் இரு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது மின்வழங்கல். 5 வோல்ட் இருக்கிறதா என்பதை வழங்கியின் முனையில் அளந்தால் போதாது. 8085இன் 40ஆம் காலுக்கும் 20ஆம் காலுக்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்கலாம். அதே இடத்தில் மல்டிமீட்டரை மாறுமின்னழுத்த (ஏசி வோல்ட்) நிலைக்கு மாற்றிப் பாருங்கள். சில நூறு மில்லிவோல்ட் காட்டினால், வழங்கியிலுள்ள பெரிய மின்தேக்கி உலர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவுசெய்யலாம்.

மின்சாரம் சரியாக இருந்தால், நுண்செயலி ஓடத் தேவையானவை சிலவே. 37ஆம் காலில் கிரிஸ்டலின் அதிர்வெண்ணில் பாதி, அதாவது 3.072 மெகாஹெர்ட்ஸ், வெளிவர வேண்டும். 36ஆம் காலான ரீசெட், பொத்தானை அழுத்தும்போது தாழ்ந்து, விட்டதும் உயர வேண்டும். 35ஆம் காலான ரெடி உயர்ந்தும், 39ஆம் காலான ஹோல்டும் 6ஆம் காலான டிராப்பும் தாழ்ந்தும் இருக்க வேண்டும். இந்த ஐந்தில் ஒன்று பிழையாக இருந்தாலும் மற்ற சிப்புகளைக் குறை சொல்ல இடமில்லை. நான் பார்த்த பல பலகைகளில் பழுது சிப்பில் இல்லை, சாக்கெட்டில்தான் இருந்தது. கால்களும் சாக்கெட்டின் பற்றுகளும் ஈரக்காற்றில் கறுத்துத் தொடர்பை இழந்திருந்தன. சிப்பை மெல்ல நெம்பி எடுத்து, கால்களைத் துடைத்து, மீண்டும் பதித்ததும் எண்காட்டி உயிர்பெற்றதை ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

அப்படியும் ஓடவில்லையென்றால், ஆவணமே வேண்டாத ஒரு சோதனை உண்டு. 8085இல் 00 என்பது ‘எதுவும் செய்யாதே’ என்ற கட்டளை. ஈப்ராம், ராம், 8279, 8255 எல்லாவற்றையும் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, 12 முதல் 19 வரையிலான எட்டுக் கால்களையும் தலா 1 கிலோ ஓம் மின்தடை வழியாகத் தரைமுனையோடு இணையுங்கள். நேரடியாக இணைக்கக் கூடாது, ஏனெனில் அதே கால்கள் முகவரியின் கீழ்ப்பாதியையும் வெளியிடுகின்றன. இப்போது நுண்செயலி எங்கே படித்தாலும் 00 கிடைக்கும். ஆகவே அது முகவரிகளை 0000 முதல் வரிசையாக எண்ணிக்கொண்டே போகும். ஒரு கட்டளைக்கு 4 கடிகாரத் துடிப்புகள் ஆவதால், 21ஆம் காலான ஏ8இல் 1,500 ஹெர்ட்ஸ் அலை வரும். அடுத்தடுத்த முகவரிக் கால்களில் அது பாதி பாதியாகக் குறைந்து, 28ஆம் காலான ஏ15இல் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறும். ஆசிலாஸ்கோப் இல்லாத ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம். ஏ8இன் ஒலியை 10 கிலோ ஓம் மின்தடையும் ஒரு சிறு மின்தேக்கியும் இட்டுச் சிறிய ஒலிபெருக்கியில் கேட்கலாம். ஏ15இன் துடிப்பை ஒரு டிரான்சிஸ்டர் வழியாக எல்இடியில் கண்ணால் பார்க்கலாம். எட்டு மேல்முகவரிக் கால்களும் ஒழுங்காக எண்ணினால் நுண்செயலி, கடிகாரம், ரீசெட் மூன்றும் நலம். ஒரு கால் மட்டும் அசையவில்லையென்றால் அந்தத் தடத்தில்தான் குறை.

அடுத்தது ஈப்ராம். ரீசெட்டுக்குப் பின் 8085 முகவரி 0000இலிருந்து படிக்கத் தொடங்கும் என்பதால், பலகையை இயக்கும் அடிப்படை நிரலான கண்காணிப்பு நிரல் இருக்கும் 2764இன் 20ஆம் காலும் 22ஆம் காலும் தாழ்ந்து தாழ்ந்து துடிக்க வேண்டும். துடிக்கவில்லையென்றால் முகவரியைப் பிரித்துக்கொடுக்கும் சிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் அது 74எல்எஸ்138 ஆக இருக்கும். துடித்தும் எண்காட்டி இருண்டிருந்தால் ஈப்ராமின் உள்ளடக்கம் அழிந்திருக்கக்கூடும். அதே பலகை வேறு கல்லூரியில் இருந்தால், அங்குள்ள ஈப்ராமைப் படித்து உங்களுடையதோடு ஒப்பிடுங்கள்.

நிரல் கைக்கு வந்துவிட்டால், கையேட்டின் மீதிப் பாதியும் வந்துவிட்டது. தொடக்கத்தில் 31 என்ற பைட்டைத் தேடுங்கள் (இங்குள்ள பைட், முகவரி எண்களெல்லாம் பதினாறடிமான எண்கள்); அது அடுக்குச் சுட்டியை, அதாவது தற்காலிகத் தரவை அடுக்கி வைக்கும் ராம் பகுதியின் முகவரியை, அமைக்கும் கட்டளை. அதையடுத்து 00, 88 என்று இருந்தால் அடுக்கு 8800இலிருந்து கீழ்நோக்கி வளர்கிறது. 2 கிலோபைட் கொண்ட 6116 அப்போது 8000 முதல் 87எஃப்எஃப் வரை இருக்கிறது என்று ஊகிக்கலாம். டி3 என்பது வெளியீட்டுக் கட்டளை, டிபி என்பது உள்ளீட்டுக் கட்டளை. இவற்றை அடுத்து வரும் பைட் ஒரு போர்ட் எண், அதாவது உள்ளீட்டு வெளியீட்டு வாயிலின் எண். அவற்றைத் தொகுத்தால் 8279 எந்த எண்ணில், 8255 எந்த எண்ணில் என்பது தெரிந்துவிடும். சில பலகைகளில் 8279ஐ நினைவக முகவரியிலேயே வைத்திருப்பார்கள் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். மாணவர்களைக் கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள். 8085 பாடத்திட்டத்தில் இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: என் தந்தையார் 1984இல் இலண்டனிலிருந்து கொண்டுவந்த சின்கிளேயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி எங்களிடம் உள்ளது. அதனோடு இருந்த புத்தகங்களும் மின்வழங்கியும் இடப்பெயர்வுகளில் தொலைந்துவிட்டன. வேறொரு 9 வோல்ட் வழங்கியைக் கொண்டு இயக்கலாமா? முன்பு ஒருமுறை இயக்கியபோது திரையில் செங்குத்துக் கோடுகள் மட்டுமே தெரிந்தன.
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தயவுசெய்து, கையில் கிடைத்த வழங்கியைச் செருகாதீர்கள். இந்தக் கணினிக்குரிய 9 வோல்ட் செருகியில் நடுமுனை எதிர்மின். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான வழங்கிகளில் நடுமுனை நேர்மின். 1.4 ஆம்பியர் தரக்கூடிய வழங்கி வேண்டும். முனையைத் திருப்பி அமைத்து, மல்டிமீட்டரால் உறுதிசெய்த பின்னரே இணைக்க வேண்டும்.

கோடுகளைப் பற்றி நீங்கள் எழுதியது மிகவும் பயனுள்ள தகவல். 1982இல் வெளிவந்த இந்த இயந்திரத்தில் திரைப்படிவம் கீழ் 16 கிலோபைட் ராமிலேயே 6,912 பைட்களாக இருக்கிறது. ஒரு பைட் என்பது பக்கம் பக்கமாக எட்டுப் புள்ளிகள். அந்த ராம் எட்டுச் சிப்புகளால் ஆனது. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு பைட்டிலும் ஒரே ஒரு பிட்டை மட்டும் வைத்திருக்கிறது. எனவே ஒரு சிப் மட்டும் கெட்டால், எட்டுப் புள்ளிகளுக்கு ஒன்றாகத் திரை முழுவதும் 32 மெல்லிய கோடுகள் தெரியும். கோடு எட்டில் எத்தனையாவது புள்ளியில் விழுகிறது என்பது எந்தப் பிட், ஆகவே எந்தச் சிப், என்பதைச் சொல்லிவிடும். திரையை அருகில் படமெடுத்துப் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். கோடுகள் தடித்தும் ஒழுங்கின்றியும் இருந்தால் ஒரு சிப்பின் குறை அன்று. எட்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று, பெரும்பாலும் மின்னழுத்தம், தவறியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த எட்டும் 4116 வகைச் சிப்புகள். அவற்றுக்கு மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும்: 1ஆம் காலில் –5, 8ஆம் காலில் +12, 9ஆம் காலில் +5, தரைமுனை 16ஆம் காலில். 16 கால் சிப் என்றாலே 16ஆம் காலில் 5 வோல்ட், 8ஆம் காலில் தரைமுனை என்று எண்ணுவது வழக்கம். அந்த வழக்கத்தை நம்பி, ஒரு பலகையின் மின்வழங்கல் முழுவதும் செத்துவிட்டது என்று முடிவுகட்டி மூன்று நாள்களை நான் இழந்திருக்கிறேன். தரவுத்தாளை எடுத்துப் பார்த்திருந்தால் மூன்று நிமிடம் போதும். –5 வோல்ட் இல்லாமல் +12 மட்டும் கிடைத்தால் 4116 நிலையாகக் கெட்டுவிடும். எனவே –5 இல்லையென்று கண்டவுடன் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். அந்த மூன்று மின்னழுத்தங்களையும் உண்டாக்கும் சிறு மாற்றிச் சுற்று பலகையிலேயே உள்ளது. அதிலுள்ள டிஆர்4 என்ற டிரான்சிஸ்டர் கெடுவது இந்த இயந்திரத்தில் அடிக்கடி காணப்படும் பழுது. ஒரு ராம் சிப் உள்ளே குறுக்கிணைப்பாகி (ஷார்ட் ஆகி) அந்த டிரான்சிஸ்டரையும் இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. ஆகவே டிரான்சிஸ்டரை மாற்றுமுன் ராம் சிப்புகளின் மின்கால்களுக்கும் தரைமுனைக்கும் இடையே மின்தடையை அளந்துவிடுங்கள்.

நல்ல சிப் ஒன்றைச் சந்தேகச் சிப்பின் மேல் கால்கள் பொருந்த வைத்துச் சோதிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். சிப் உள்ளே அறுந்திருந்தால் அது பலன் தரும்; குறுக்கிணைப்பாகியிருந்தால் தராது. பலன் தரவில்லை என்பதற்காகச் சிப் நலம் என்று முடிவுசெய்துவிடாதீர்கள்.

ஸ்பெக்ட்ரம் இலட்சக்கணக்கில் விற்றது என்பதால் அதன் சுற்றுப்படமும் பழுதுநீக்கும் கையேடும் இணையத்தில் வருடி வைக்கப்பட்டுள்ளன. தொலைந்த புத்தகங்களில் உங்கள் தந்தையார் எழுதிய குறிப்புகள் திரும்ப வரமாட்டா. அச்சான பக்கங்களாவது திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: பழைய கணினிப் பலகைகளில் சில சிப்புகளின் மேல் எந்தத் தரவுத்தாளிலும் இல்லாத எண் இருக்கிறது. அவற்றை எப்படி அடையாளம் காண்பது?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: முதலில், நீங்கள் பார்ப்பது எண்ணா தேதியா என்று பாருங்கள். 8437 என்று இருந்தால் அது பெரும்பாலும் 1984ஆம் ஆண்டின் 37ஆவது வாரம். அடுத்து, பல நிறுவனங்கள் சந்தையில் கிடைக்கும் சாதாரணச் சிப்புகளின் மேல் தங்கள் சொந்த உதிரி எண்ணை அச்சிட்டு வாங்கின. எண் புதிராக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரு 74எல்எஸ்245 ஆக இருக்கலாம்.

சிப் அமர்ந்திருக்கும் இடமே பாதி விடையைச் சொல்லும். தடித்த தடங்கள் எந்தக் கால்களுக்குப் போகின்றன, பக்கத்திலுள்ள 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி எந்த இரு கால்களுக்கிடையே இருக்கிறது என்று பார்த்தால் மின்கால்கள் தெரிந்துவிடும். 14 கால் சிப்பில் 14உம் 7உம், 16 காலில் 16உம் 8உம் என்பது பொதுவிதி. 7490, 7493 ஆகியவற்றில் மின்னழுத்தம் 5ஆம் காலுக்கும் தரைமுனை 10ஆம் காலுக்கும் போகும் என்ற விலக்கு உண்டு. தரவுத் தடங்கள் எட்டும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் 20 கால் சிப், இருதிசைக் கடத்தியாக இருக்கும். முகவரியின் மேல்தடங்கள் நுழைந்து, ஒவ்வொரு வெளியீடும் ஒவ்வொரு நினைவகச் சிப்பின் தேர்வுக் காலுக்குப் போனால் அது முகவரி பிரிப்பான். விலை குறைந்த ஈப்ராம் எழுதும் கருவிகள் பலவற்றில் 74 வரிசைச் சிப்புகளைச் சோதித்து எண்ணைக் கண்டுசொல்லும் வசதியும் உண்டு.

கடினமானவை, வாங்கியவர் தமக்கேற்ப நிரலிட்டுக்கொண்ட சிப்புகள். கமடோர் 64 கணினியில் 906114 என்ற எண்ணோடு இருக்கும் சிப் நல்ல எடுத்துக்காட்டு. தொடக்ககால இயந்திரங்களில் அது 82எஸ்100 என்ற பொதுச்சிப்பில் நிரலிட்டதுதான். அதற்கு 16 உள்ளீடு, 8 வெளியீடு. உள்ளே நினைவு ஏதும் இல்லாத சிப் என்பதால், உள்ளீடுகளின் 65,536 சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்து வெளியீட்டைப் பதிந்துகொண்டால் அதன் இரகசியம் முழுவதும் கைக்கு வந்துவிடும். அந்த அட்டவணை, 16 முகவரியும் 8 தரவும் கொண்ட 27512 ஈப்ராமின் அளவுக்குச் சரியாகப் பொருந்துகிறது. கால் வரிசையை மாற்றும் சிறு பலகை ஒன்றில் அந்த ஈப்ராமை வைத்து மூலச்சிப்புக்குப் பதிலாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு. வேகம் ஈடுகொடுக்கிறதா என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். உள்ளே பதிவகம் உள்ள நிரல்சிப்புகளில் இந்த வழி இவ்வளவு எளிதாகச் செல்லாது, ஏனெனில் அங்கே வெளியீடு இப்போதைய உள்ளீட்டை மட்டும் பொறுத்ததன்று.

இதைச் செய்ய உங்களுக்கு நல்ல சிப் ஒன்று வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஓடுகிற இயந்திரம் கையில் இருக்கும்போதே அதன் நிரல்சிப்புகளைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1980களில் எங்கள் பள்ளிக்கு அரசு தந்த பிபிசி மைக்ரோ கணினி ஒன்று பொருளறையில் கிடக்கிறது. மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: கொடுக்க வேண்டாம், இன்னும் சில நாள் பொறுங்கள். நடுவண் அரசின் மின்னணுத் துறை 1984–85இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் வந்த இயந்திரமாக அது இருக்கும். நம் நாட்டுப் பள்ளி மாணவர் பலர் முதன்முதலாகத் தொட்ட கணினி அது. அதைத் தூக்கியெறியாமல் வைத்திருந்தமைக்கு உங்கள் பள்ளிக்கு நன்றி.

அதன் மின்வழங்கியில் வீட்டு மின்சாரத்துக்கு நேர்குறுக்கே உலோகப் பூச்சுத்தாளால் ஆன இரைச்சல் தடுப்பு மின்தேக்கிகள் உள்ளன. மஞ்சள் நிற ஒளிபுகும் உறையில் காலப்போக்கில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்து, அவற்றின் வழியே ஈரம் நுழைந்துவிடும். பல ஆண்டு கழித்து மின்சாரம் கொடுத்தால் சில நிமிடங்களில் வெடித்து, அறை முழுவதும் கெட்ட நெடியுள்ள புகை நிரம்பும். அவற்றை முதலில் எடுத்துவிட்டு, எக்ஸ்2 என்ற தரக்குறியுள்ள புதியவற்றை அதே மதிப்பில் இடுங்கள். கடைக்காரர் சாதாரண 400 வோல்ட் மின்தேக்கி போதும் என்றால் ஏற்காதீர்கள். தீப்பற்றாமல் செயலிழக்கும்படி வடிவமைத்தவற்றுக்கு மட்டுமே எக்ஸ்2 குறி உண்டு. வழங்கியின் பெரிய மின்தேக்கியில், செருகியைப் பிடுங்கிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். இந்த வேலையை மின்வழங்கிகளில் பழகிய ஒருவர் செய்யட்டும். முதல்முறை இயக்கும்போது மின்பணியாளர்கள் வைத்திருக்கும் சீரீஸ் போர்டில் 60 வாட் இழைவிளக்கை இட்டு அதன் வழியே கொடுங்கள். விளக்கு முழு ஒளியோடு நின்றுவிட்டால் உள்ளே குறுக்கிணைப்பு உள்ளது.

சரியாக இயங்கும்போது இந்தக் கணினி தாழ்ந்த நீண்ட ஒலி ஒன்றும், உயர்ந்த குறுகிய ஒலி ஒன்றும் எழுப்பும். முதல் ஒலி நிற்காமல் தொடர்ந்தால், ஒலிச்சிப்பை அடக்க வேண்டிய இயக்கநிரல் ஓடவில்லை என்று பொருள். திரை இணைக்காமலே இந்த ஒரு குறிப்பைப் பெறலாம்.

கேள்வி: பழைய 386 தாய்ப்பலகையில் பச்சை நிறப் பொருக்கு படர்ந்திருக்கிறது. எதைக் கொண்டு சுத்தம் செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: கடிகாரத்துக்கென வைத்த நிக்கல்–காட்மியம் மின்கலம் கசிந்திருக்கிறது. முதலில் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். எனவே வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ பஞ்சில் தொட்டுத் தடவிச் சமன்செய்து, பின் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, இரண்டு நாள் உலரவிடுங்கள். சமையல் சோடா போடச் சொல்பவர்கள் அமிலக் கசிவுக்கான வைத்தியத்தைச் சொல்கிறார்கள். இதற்கு அது பயன்படாது. உலர்ந்த பின், மின்கலத்தைச் சுற்றி 5 செண்டிமீட்டர் பரப்பிலுள்ள ஒவ்வொரு தடத்தையும் தொடர்ச்சிச் சோதனையால் பாருங்கள். காரம் பச்சைப் பூச்சுக்கு அடியிலும் புகுந்திருக்கும்.

கேள்வி: சுற்றுப்படம் துளியும் இல்லாத இயந்திரத்தை யாராவது உண்மையிலேயே மீட்டதுண்டா? அல்லது இதெல்லாம் ஏட்டில் மட்டும்தானா?
– வாசகர், சென்னை

பதில்: உண்டு. அதுவும் நாம் இங்கே பேசும் இயந்திரங்களையெல்லாம் விடப் பன்மடங்கு சிக்கலான ஒன்று.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியத் தலைமையின் மறைகுறிச் செய்திகளை உடைக்க, பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் கொலோசஸ் என்ற மின்னணு இயந்திரம் பயன்பட்டது. அஞ்சல் துறையின் டாலிஸ் ஹில் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டாமி ஃபிளவர்ஸ் அதை வடிவமைத்தார். போருக்குப் பின் இயந்திரங்களில் பெரும்பாலானவை உடைத்துப் பிரிக்கப்பட்டன. தம்மிடமிருந்த வரைபடங்களை ஆணைப்படி ஃபிளவர்ஸே 1960இல் எரித்தார். டோனி சேல் என்ற பொறியாளர் 1993இல் மீளுருவாக்கத்தைத் தொடங்கியபோது அவர் கையில் இருந்தவை, 1945இல் எடுத்த எட்டுப் புகைப்படங்களும், சில பொறியாளர்கள் விதிக்கு மாறாகத் தம்மிடம் வைத்திருந்த சுற்றுப்படத் துண்டுகளும்தாம்.

அவர் என்ன செய்தார் என்பதை நாமும் படிக்க வேண்டும். புகைப்படங்களிலிருந்து கணினி உதவியோடு சட்டங்களின் அளவுகளைக் கணித்து, இயந்திரத்தின் உருவத்தை மறுபடி வரைந்தார். உயிரோடிருந்த பழைய பொறியாளர்களைத் தேடிச் சென்று கேட்டார். காகித நாடாவை நொடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் படிக்கும் ஒளிக்கருவியை, முதலில் அதை வடிவமைத்த அர்னால்ட் லின்ச்சின் துணையோடு மறுபடி உருவாக்கினார். கழித்துக்கட்டிய பழைய தொலைபேசி நிலையங்களிலிருந்து அக்கால உதிரிகளைச் சேர்த்தார். 1996 ஜூன் 6 அன்று மீளுருவான கொலோசஸ் முதன்முதலாக இயங்கியது. அதை முழுமைப்படுத்தும் வேலை 2007 வரை நீண்டது.

கேம்பிரிட்ஜில் 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியை பிளெட்ச்லி பார்க்கிலுள்ள அருங்காட்சியகத்தில் மீளுருவாக்கும் பணியிலும் இப்படித்தான் நடந்தது. புகைப்படங்களையும் எஞ்சிய சில ஆவணங்களையும் வைத்து ஊகித்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். 2014இல் முன்னாள் ஊழியர் ஒருவரிடமிருந்து 19 மூலப்படங்கள் வந்து சேர்ந்தன. தாங்கள் கட்டிவந்தது அடிப்படையில் சரியே என்று அந்தப் படங்களால் அவர்கள் உறுதிசெய்துகொண்டார்கள்.

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகத் தோன்றுவது சேல் மனிதர்களைத் தேடிப் போன விதம். நம் ஊரிலும் 1980களில் கணினிகளைப் பராமரித்த கள ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் எழுபது வயதைத் தொட்டுவிட்டார்கள். ‘இந்த மாதிரியில் இந்த இடம்தான் முதலில் போகும்’ என்று அவர்கள் நினைவிலிருந்து சொல்வது எந்தக் கையேட்டிலும் அச்சாகியிருக்காது.

கேள்வி: ஆவணங்களை எங்கே தேடுவது? தேடிக் கிடைக்காவிட்டால் பழுதுநீக்கும்போது என்ன குறித்துக்கொள்வது?
– வாசகி, சேலம்

பதில்: பழைய கையேடுகளின் வருடல்களைத் திரட்டி வைத்திருக்கும் பிட்சேவர்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய இரண்டிலும் முதலில் தேடுங்கள். இயந்திரத்தின் பெயரில் கிடைக்காவிட்டால் அதிலுள்ள வட்டு இயக்கி, மின்வழங்கி, காட்சிப்பலகை ஆகியவற்றின் மாதிரி எண்களைத் தனித்தனியே தேடுங்கள். பல தயாரிப்பாளர்கள் அவற்றை வெளியிலிருந்து வாங்கிப் பூட்டினார்கள். பலர் எண்ணிப் பாராத ஓரிடமும் உண்டு. பழைய இயந்திரங்களைப் புதிய கணினியில் போலச்செய்யும் மாமே என்ற நிரலின் மூலக்குறியீட்டில், ஆயிரக்கணக்கான இயந்திரங்களின் முகவரி அமைப்பும், எந்த முகவரியில் எந்தச் சிப் என்பதும், ஒவ்வொரு ரோமின் (நிரலை நிலையாக வைத்திருக்கும் நினைவகச் சிப்பின்) சரிபார்ப்பு எண்ணும் எழுதப்பட்டுள்ளன. உங்கள் ரோமைப் படித்து அந்தச் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டால், உள்ளடக்கம் சிதைந்திருக்கிறதா என்பது உடனே தெரியும்.

நீங்கள் குறிக்க வேண்டியவற்றில் முதலிடம் ஈப்ராம்களின் உள்ளடக்கத்துக்கு. வேறு எந்த வேலைக்கும் முன் அவற்றைப் படித்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். படிக்க 5 வோல்ட் போதும். எழுதும்போது பழைய 2716க்கு 25 வோல்ட், 2764க்கு 21 வோல்ட், 2764ஏ என்றால் 12.5 வோல்ட் வேண்டும்; ஓர் எழுத்து வேறுபாட்டில் சிப் எரிந்துபோகும். கண்ணாடிச் சாளரத்தின் மேல் ஒட்டிய தாளை உரித்து அப்படியே விட்டுவிடாதீர்கள். நேர்வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் உள்ளடக்கம் அழிந்துவிடும். நெகிழ்வட்டுகளில் பூஞ்சை இருந்தால் துடைக்காமல் இயக்கியில் இடாதீர்கள்; ஒரு வட்டின் பூஞ்சை படிப்புத்தலையில் ஒட்டி அடுத்த வட்டையும் உராய்ந்துவிடும்.

பிறகு, நல்ல நிலையில் ஓடும் பலகையில் ஒவ்வொரு சிப்பின் ஒவ்வொரு காலிலும் உள்ள மின்னழுத்தத்தையும், மின்சாரம் நிறுத்திய நிலையில் தரைமுனைக்கு உள்ள மின்தடையையும் ஓர் அட்டவணையாக எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் அதே மாதிரிப் பலகை கெட்டு இன்னொருவர் கைக்கு வரும்போது, அவர் தேடும் ஆவணம் அந்த அட்டவணைதான். பழுதைக் கண்டுபிடித்தபின், எது பழுது என்பதோடு எதையெல்லாம் சந்தேகித்து விலக்கினீர்கள் என்பதையும் தேதியோடு எழுதி, தாளை உறையிலிட்டு இயந்திரத்தின் உள்ளேயே வைத்துவிடுங்கள்.

முதல் கடிதத்தில் வரும் 8085 பலகையைப் போன்றது, அதாவது 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 8279, 8255, ஒற்றை 2764, 6116 ஆகியவை கொண்ட பயிற்சிப் பலகை, வேறு எந்தக் கல்லூரியிலாவது ஓடிக்கொண்டிருந்தால், அதன் ஈப்ராம் பிரதியையும் கையேட்டின் எஞ்சிய பக்கங்களையும் இதழின் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். திருச்சிக்கு நானே சேர்ப்பிக்கிறேன்.